தகுதியின்மையே தகுதி: தமிழ்க் கிறித்தவ மொழியில் விசுவாசமும் தன்புண்ணியமும்

முன்னுரை

மனிதன் தான் ஈட்டிய நற்செயல்களின் பயனாக மீட்படைவதில்லை. இறைவன் இலவசமாக அளிக்கும் அருளை நம்பி ஏற்பதனாலேயே மீட்படைகிறான் என்பது சீர்திருத்தக் கிறித்தவத்தின் உயிர்க்கொள்கை. பதினாறாம் நூற்றாண்டின் செருமனியில் பெரும் பூசலுக்குக் காரணமான இக்கொள்கை, 1706 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9 ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, என்றிக் புளுட்சோ ஆகிய இருவர் வழியே தமிழ் நிலத்தை அடைந்தது. தென்மார்க்கு மன்னரால் அனுப்பப்பட்ட இவ்விருவரும் செருமானிய லூத்தரன் மரபினர். சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715 இல் அச்சாகி முடிந்தபோது, 'விசுவாசத்தினால் நீதிமானாதல்' என்னும் கருத்து முதன்முறையாக அச்சுத் தமிழில் முழுமையாக இடம்பெற்றது.

அக்கருத்து வந்து சேர்ந்த மொழி வெற்று நிலமாக இருக்கவில்லை. அருள், தகுதி, வினை, புண்ணியம், சரண் ஆகிய சொற்களைச் சுற்றி ஆயிரம் ஆண்டுக்கும் மேலான சிந்தனை தமிழில் வளர்ந்திருந்தது. இறையருளுக்கு மனிதன் தகுதி பெற வேண்டுமா, அருளே தகுதியைத் தருமா என்னும் வினாவை வைணவரும் சைவரும் நுணுகி ஆராய்ந்திருந்தனர். ஆகவே சீர்திருத்தக் கிறித்தவம் தமிழில் பேசத் தொடங்கியபோது, அது பயன்படுத்திய ஒவ்வொரு சொல்லும் முன்னரே ஒரு விடையைத் தன்னுள் வைத்திருந்தது.

தன்புண்ணியத்தை நம்பாமல் விசுவாசத்தை நம்புதல் என்னும் கிறித்தவக் கொள்கை தமிழில் எச்சொற்களால் உருப்பெற்றது, அச்சொற்கள் அதன் பொருளை எவ்வாறு திருப்பின, அக்கொள்கை தமிழ்ச் சமூகத்தின் தகுதி பற்றிய எண்ணங்களோடு எங்கே மோதியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. விவிலிய மொழிபெயர்ப்புச் சொற்கள், எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் காப்பியம், திருச்சபையில் நிலவிய சாதி வழக்கு, நியூசிலாந்தின் ஆக்லாந்து போன்ற புலம்பெயர் சூழல் ஆகிய நான்கும் இதற்குரிய களங்களாகக் கொள்ளப்படுகின்றன.

1. கொள்கையின் பின்னணி

மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தவர். நோன்பு, பாவ அறிக்கை, இரவு வழிபாடு ஆகியவற்றைத் தவறாது கடைப்பிடித்தும், 'போதிய அளவு செய்துவிட்டேனா' என்னும் ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. பவுல் உரோமருக்கு எழுதிய திருமுகத்தைக் கற்பிக்கும் பணியில், 'கடவுளின் நீதி' என்பது மனிதனைத் தண்டிக்கும் நீதியாக அன்றி, மனிதனுக்குக் கொடையாக வழங்கப்படும் நீதியாக அவருக்குப் புலப்பட்டது. 1522 இல் அவர் வெளியிட்ட செருமானியப் புதிய ஏற்பாட்டில், உரோமர் மூன்றாம் இயலின் 28 ஆம் வசனத்தில், கிரேக்க மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்தார். செருமன் மொழியின் இயல்பு அச்சொல்லை வேண்டுகிறது என்பது அவர் கூறிய அமைதி. 1530 ஆம் ஆண்டின் ஆக்சுபர்க் விசுவாச அறிக்கை தன் நான்காம் உறுப்பில் இக்கொள்கையை வரையறுத்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1547 இல் திரெந்துப் பொதுச்சங்கத்தின் வழியாக மறுமொழி தந்தது.

அருள் தேவையா என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை; அருளின்றி மீட்பில்லை என்றே இரு தரப்பும் கூறின. அருள் பெற்ற மனிதன் நீதியுள்ளவன் என்று 'அறிவிக்கப்படுகிறானா', உள்ளபடியே நீதியுள்ளவனாக 'ஆக்கப்படுகிறானா' என்பதே பிணக்கின் மையம். அறிவிக்கப்படுகிறான் எனில், அவன் செயல்களுக்கு அத்தீர்ப்பில் பங்கில்லை. ஆக்கப்படுகிறான் எனில், அருளால் விளையும் அவன் நற்செயல்களுக்கும் ஓரிடம் உண்டு. 1999 அக்டோபர் 31 இல் ஆக்சுபர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, இவ்விரு பார்வைகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்று ஏற்றுக்கொண்டது. பின்னர் மெதடிசுத் திருச்சபைகளும் பிறவும் அதில் இணைந்தன.

2. சொற்கள் செய்த வேலை

2.1 கிருபையும் அருளும்

பதினாறாம் நூற்றாண்டில் என்றிக் என்றிக்கசு பாதிரியார் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்' (1578) முதலான கத்தோலிக்க நூல்களில் சமயக் கலைச்சொற்கள் பல போர்த்துக்கேய, இலத்தீன் வடிவங்களின் ஒலிபெயர்ப்பாகவே இருந்தன. 1606 இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் காலத்திலிருந்து வடசொற்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அருளைக் குறிக்கக் கத்தோலிக்கர் 'பிரியதத்தம்', 'இஷ்டப்பிரசாதம்' ஆகிய தொடர்களை நெடுங்காலம் வழங்கினர். முன்னது அன்பினால் தரப்பட்டது என்றும், பின்னது விருப்பத்தோடு தரும் பிரசாதம் என்றும் பொருள்படும். கோயிலில் கை நீட்டிப் பெறும் பிரசாதத்திற்கு யாரும் விலை பேசுவதில்லை என்பதனால் பின்னைய தொடர் கொள்கையோடு நன்கு பொருந்தியது.

சீர்திருத்தத் திருச்சபையினரிடையே 'கிருபை' நிலைபெற்றது. இரக்கம் என்னும் பொருள் அதில் மேலோங்கி நிற்கிறது. பெறுபவனின் எளிமையையும் தருபவனின் உயர்வையும் அச்சொல் ஒருங்கே காட்டும். 'அருள்' என்னும் தமிழ்ச்சொல் அவர்களிடையே முதன்மை பெறாமைக்கு, சைவ சித்தாந்தத்தில் அது சிவசத்தியைக் குறிக்கும் கலைச்சொல்லாக ஊன்றியிருந்தமை ஒரு காரணமாகலாம். எனினும் திருக்குறள் உரை மரபு அன்பையும் அருளையும் வேறுபடுத்தும் முறையை நோக்கினால், இக்கொள்கைக்கு மிக நெருங்கிய சொல் அருளே எனத் தோன்றும். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எவ்வுயிர்மேலும் செல்வது அருள் என்பது பரிமேலழகர் காட்டும் வேறுபாடு. பெறுபவனின் உறவையும் உரிமையையும் நோக்காத ஒன்று என்னும் வரையறை அதில் ஏற்கெனவே அடங்கியுள்ளது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' அருள், நம்பிக்கை ஆகிய சொற்களையே தேர்ந்தெடுத்தது.

2.2 விசுவாசத்தின் இரு முகங்கள்

அன்றாடத் தமிழில் விசுவாசம் என்பது உண்மையாக நடந்துகொள்ளுதலைக் குறிக்கும். நாய்க்கு விசுவாசம் உண்டு என்பர். உண்ட வீட்டுக்கு விசுவாசம் வேண்டும் என்பர். இப்பொருளில் விசுவாசம் உள்ளவன் பாராட்டுக்கு உரியவன். அது அவனது நற்பண்பு. கிறித்தவக் கொள்கையிலோ விசுவாசம் என்பது தன்னிடம் பாராட்டுக்குரியது ஏதுமில்லை என ஒப்பி, பிறர்மேல் சாய்தல். ஒரே சொல் இவ்விரு பொருளையும் சுமப்பதனால் தமிழ்ச் சபைகளில் ஒரு வழுக்கல் தொடர்ந்து நேர்கிறது. 'அவர் பெரிய விசுவாசி' என்னும் வழக்கில், எதை நம்பினார் என்பது மறைந்து, எவ்வளவு நம்பினார் என்பது அளவுகோலாகிவிடுகிறது. தகுதியை மறுக்க வந்த சொல்லே தகுதியின் பெயராக மாறிவிடுகிறது.

2.3 கிரியை

'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்' என்று பழைய மொழிபெயர்ப்புகள் கூறுவனவற்றைத் திருவிவிலியம் 'செயல்கள்' என்னும் எளிய சொல்லால் குறிக்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களை அறிந்த சைவர் செவியில் கிரியை என்பது சிவபூசையையும் தீக்கை முறையையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் இறந்தார் பொருட்டுச் செய்யும் சடங்கும் கிரியையே. எனவே கிரியையால் மீட்பில்லை என்னும் மறையுரை, கேட்போரின் வழிபாட்டு முறையை நேரடியாகத் தாக்குவதாக ஒலித்தது. ஆறுமுக நாவலர் 1854 இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' இவ்விடத்திலேயே எதிர்வாதத்தை அமைத்தது. பலி, தூபம், விளக்கு, தூய்மைச் சடங்கு ஆகியன பழைய ஏற்பாட்டில் விதிக்கப்பட்டுள்ளன என எடுத்துக்காட்டி, சடங்கைப் பழிக்கும் உரிமை பாதிரிமாருக்கு இல்லை என அவர் வாதிட்டார். பீட்டர் பெர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றிய நாவலர் அந்நூலை உள்ளிருந்து அறிந்தவர். பவுல் பேசியது யூதச் சட்டத்தையும் தன்னை மெச்சும் மனத்தையும் பற்றி. தமிழில் அது கோயிலைப் பற்றிய பேச்சாகக் கேட்டது. அப்பொருள் விலகலுக்கு ஒரு சொல்லின் முன்வரலாறு போதுமானதாக இருந்தது.

2.4 ஆக்கப்படுதல், எண்ணப்படுதல், ஏகாரம்

'நீதிமானாக்கப்படுதல்' என்னும் தொடர் தமிழ் விவிலியத்தின் தனிப் படைப்பு. இதில் 'ஆக்கு' என்பது பிறவினை. 'படு' என்பது செயப்பாட்டுவினை. செய்பவன் வேறொருவன், செயலை ஏற்பவன் மனிதன் என்பதைத் தமிழ் இலக்கணம் ஐயமின்றிக் காட்டிவிடுகிறது. ஆயினும் 'ஆக்கு' என்னும் பகுதி, அறிவித்தலைவிட உருவாக்குதலையே உணர்த்தும். ஐரோப்பாவில் லூத்தரன் தரப்பு மறுத்த பொருளை லூத்தரன் மரபினரின் தமிழ்ச் சொல்லே தன்னுள் ஏற்றிருப்பது கருதத்தக்கது. அடுத்த இயலில் ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக 'எண்ணப்பட்டது' என வருமிடத்தில் மறுபக்கப் பொருள் வந்துவிடுகிறது. எண்ணுதல் கணக்கிடுதலும் ஆகும், கருதுதலும் ஆகும். கணக்கேட்டில் வரவு வைத்தல், ஒருவரை மதித்தல் ஆகிய இரண்டையும் ஒரே வினையில் சொல்லத் தமிழுக்கு இயன்றது. திருவிவிலியம் கையாளும் 'ஏற்புடையவராதல்' என்னும் சொல், ஆக்கமா அறிவிப்பா என்னும் வழக்கிலிருந்து விலகி, உறவின் மொழிக்குச் செல்கிறது.

லூத்தர் தனிச்சொல் சேர்த்துச் செய்ததைத் தமிழ் ஓர் இடைச்சொல்லால் செய்தது. என்றி பவர் தலைமையில் உருவாகி 1871 இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் 'விசுவாசத்தினாலேயே' என்னும் வடிவம் அவ்வசனத்தில் காணப்படுகிறது. தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை எனத் தொல்காப்பியம் ஏகாரத்திற்கு ஐந்து பொருள் கூறும். இங்குள்ளதைப் பிரிநிலையாகக் கொண்டால், பிறவற்றிலிருந்து விசுவாசம் மட்டும் பிரிக்கப்படுகிறது. அது லூத்தரின் 'மட்டும்'. தேற்றமாகக் கொண்டால், விசுவாசத்தின் உறுதி கூறப்படுகிறதேயன்றிப் பிற விலக்கப்படவில்லை. ஐரோப்பாவைப் பிளந்த சிக்கல் தமிழில் ஓர் எழுத்தின் இலக்கணக் குறிப்பாக அமைந்துள்ளது. அவ்வெழுத்தை எவ்வாறு படிப்பது என்பதைப் படிப்பவரின் திருச்சபை மரபே முடிவு செய்கிறது.

3. சரணாகதி மரபின் துணை

இக்கொள்கையை ஏற்க வேண்டிய கருத்துநிலை தமிழரிடம் முன்னரே இருந்தது என்பதற்கு வைணவச் சரணாகதி மரபு தலைசிறந்த சான்று. வேதாந்த தேசிகரின் வடகலை மரபு சரணாகதிக்கு ஐந்து அங்கங்களை வகுக்கிறது. இறைவனுக்கு உகந்ததையே செய்யும் எண்ணம், உகவாததை விடுதல், தன் எளிமையை உணர்தலாகிய கார்ப்பண்யம், இறைவன் காப்பான் என்னும் மகாவிசுவாசம், காக்குமாறு வேண்டுதல் என்பன அவை. கிறித்தவர் நம்பிக்கைக்குத் தேர்ந்த அதே சொல் இங்கே 'மகா' என்னும் அடையுடன் நிற்கிறது. சரணடைதற்குரிய அதிகாரமாக, அதாவது தகுதியாக, வைணவ ஆசிரியர்கள் கூறுவனவும் நோக்கத்தக்கவை: கைம்முதல் ஏதுமின்மையாகிய ஆகிஞ்சன்யம், வேறு புகலின்மையாகிய அநந்யகதித்துவம். தகுதியின்மையே தகுதி என்னும் முரண் இங்கே கலைச்சொல்லாகவே நிலைபெற்றுள்ளது.

வடகலையும் தென்கலையும் பிரியுமிடம் மேலும் நுட்பமானது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். முன்னது வடகலைக்கும் பின்னது தென்கலைக்கும் உவமையாயின. வடகலையிலும் மனிதனின் சரணாகதி இறையருளுக்கு விலையாவதில்லை. அருள் வெளிப்படுவதற்கு அது ஒரு வியாஜம், ஓர் ஏது மாத்திரமே. பிள்ளை உலகாசிரியர் வழிவரும் தென்கலையோ, சரணாகதியைக்கூட உபாயமாகக் கருதலாகாது, இறைவனே உபாயம் என்கிறது. விசுவாசமும் ஒரு செயலாகிவிடக் கூடாதே என்று லூத்தரன் மரபு கொண்ட அச்சம் இதுவே. விசுவாசம் மோதிரம், கிறித்து அதில் பதிந்த மணி. மோதிரத்தின் மதிப்பு மணியால் வருவது என்பது லூத்தர் கலாத்தியர் உரையில் காட்டிய உவமை. செருமானிய அறிஞர் உருடோல்பு ஓட்டோ 1930 இல் வெளியிட்ட, இந்தியாவின் அருட்சமயத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிடும் நூலில், இவ்வொற்றுமையை மேலைநாட்டினர்க்கு விரித்துக் காட்டினார்.

ஒற்றுமையை மிகைப்படுத்துதலும் பிழையாகும். வைணவத்தில் நீங்க வேண்டியது பிறவிதோறும் தொடரும் வினை. கிறித்தவத்தில் மன்னிக்கப்பட வேண்டியது இறைவனுக்கு எதிரான பாவம். வைணவத்தில் அருளுக்கு இடைநின்று பரிந்துரைப்பவள் திருமகள். கிறித்தவத்தில் அருளின் நிலைக்களம் வரலாற்றில் ஒருமுறை நிகழ்ந்த சிலுவை மரணம். சைவத்திலும், இருவினையொப்பும் மலபரிபாகமும் கூடிய இடத்தில் சத்திநிபாதம் நிகழும் என்னும் முறை உண்டு. அப்பக்குவத்தை ஆக்குவதும் அருளே என்று சித்தாந்தம் கூறினும், பக்குவம் என்னும் எண்ணம் அங்கே நீங்குவதில்லை. ஆகவே தமிழ்ச் சமயங்கள் தன்புண்ணியத்தையே நம்பின என்று பழைய மறைபரப்பு நூல்கள் வரைந்த சித்திரம், அவற்றின் உயர்நிலைக் கோட்பாட்டுக்குப் பொருந்தாது.

4. கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்தில் கொள்கை

இவ்விரு மரபுகளும் ஒரே மனிதரிடம் சந்தித்த இடம் என்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளையின் வாழ்வு. பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில் 1827 இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த அவர், கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858 இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678 இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894 இல் நூலாயிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அது ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்டது. 1900 இல் மறைந்த அவரைத் தமிழுலகம் 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றுகிறது.

பனியனின் கதை முழுவதும் தன்புண்ணியத்திற்கு எதிரான வழக்கே. முதுகில் சுமையோடு புறப்படும் பயணியை உலகியல் அறிஞன் ஒருவன் வழிமறித்து, ஒழுக்கம் என்னும் ஊரில் சட்டப்பற்றன் என்பான் இருக்கிறான், அவனிடம் சென்றால் சுமை இறங்கும் என்கிறான். பயணி அவ்வழியே செல்லச் செல்ல, சட்டம் வழங்கப்பட்ட சீனாய் மலை தலைமேல் சரிவதுபோல் நிற்கிறது. சுமை முன்னிலும் கனக்கிறது. பின்னர்ச் சிலுவையின் முன் நின்றபோது, அவன் எதுவும் செய்யாமலே சுமை அவிழ்ந்து உருள்கிறது. இறுதியில் வரும் அறியாமை என்னும் பாத்திரம் இன்னும் நயமுடையது. அவன் தீயவன் அல்லன். கடன் கொடுத்துத் தீர்ப்பவன், நோன்பிருப்பவன், இரப்பார்க்கு ஈபவன். தன் நல்வாழ்வே தனக்குச் சான்று என நம்பி வந்த அவன், நகர வாயிலில் சான்றிதழ் கேட்கப்பட்டபோது வாய்மூடி நிற்கிறான். வாயில் வரை வந்தவன் திருப்பி அனுப்பப்படுகிறான். அறச்செயலைப் போற்றி வளர்ந்த தமிழ் வாசகர்க்கு இந்த முடிவு கடுமையாகத் தோன்றுவது இயல்பு. ஈகையும் நோன்பும் வீடுபேற்று வாயிலில் பயன்படாமற் போவதை ஏற்பது எளிதன்று.

கிருஷ்ண பிள்ளை இதற்குச் செய்த காப்பியத் தீர்வு ஆராயத்தக்கது. பனியனில் சிலுவைக் காட்சி மிகச் சுருங்கியது; பயணி அதைக் கண்டு கடந்து செல்கிறான். கிருஷ்ண பிள்ளையோ இயேசுவின் பாடுகளை விரிவான கதைப்பகுதியாகக் காப்பியத்தில் புகுத்தினார். அதனால், விசுவாசி எவ்வளவு நம்ப வேண்டும் என்பதிலிருந்து யாரை நம்ப வேண்டும் என்பதற்குக் காப்பியத்தின் கனம் மாறுகிறது. கம்பனில் இராமனின் அருளையும் துயரையும் கேட்டுக் கரைந்த தமிழ் நெஞ்சம், அதே யாப்பு மரபில் வேறொரு தலைவனின் துயரைக் கேட்கிறது. தலைவனின் பெருமையில் கரையும் நெஞ்சம் தன் நோன்பையும் ஈகையையும் எண்ணிப் பார்க்க மறந்துவிடுகிறது. வாதத்தால் நிறுவக் கடினமான கொள்கையை அவர் பத்தி மரபால் உணர்த்தினார். காப்பியத்தின் இடையிடையே அமைந்து, இன்றும் 'இரட்சணிய தேவாரம்' எனத் தனித்து வழங்கும் பதிகங்கள் இதற்குத் துணைநின்றன. தன் சிறுமை கூறி இறைவனின் பெருமை பாடும் தேவார, பிரபந்த மரபின் குரல் அவற்றில் ஒலிக்கிறது. ஆழ்வார்களிடம் கற்ற கார்ப்பண்யமே அவரது கிறித்தவ விசுவாசத்தின் மொழியாயிற்று என்று கூறுவது மிகையாகாது.

5. பிறப்பு என்னும் தகுதி

ஒரு கொள்கையின் வலிமையை நூல்களில் மட்டும் அளக்கவியலாது. தமிழ்ச் சமூகத்தில் தகுதி என்பது செயலால் மட்டும் வருவதன்று. பிறப்பாலும் வருவதாகக் கருதப்பட்டது. நற்செயலே இறைவன்முன் தகுதி தராது எனில், பிறப்பு எங்ஙனம் தரும்? இவ்வினாவுக்குத் தமிழ்த் திருச்சபை நெடுங்காலம் நேரிய விடை தரவில்லை.

தரங்கம்பாடிச் சபையில் 1733 இல் ஆரோன் என்னும் வேளாளர் முதல் தமிழ் லூத்தரன் குருவாக அருட்பொழிவு பெற்றார். தஞ்சைப் பகுதியில் அரும்பணியாற்றிய உபதேசியார் இராசநாயக்கன் பறையர் குலத்தவர். அவரையும் குருவாக்கும் எண்ணம் எழுந்தது. உயர்சாதியார் அவர் கையால் நற்கருணை பெறத் தயங்குவர் என்னும் காரணத்தால் அது கைவிடப்பட்டது. தகுதியற்றோர்க்கு இலவசமாக வழங்கப்படும் அருளின் அடையாளமே நற்கருணை. அதை வழங்கும் கைக்குப் பிறப்புத் தகுதி வேண்டப்பட்டமை கொள்கையையே தலைகீழாக்கியது. 1833 இல் ஆங்கிலிக்க ஆயர் தானியேல் வில்சன் திருச்சபையில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என ஆணையிட்டபோது, தஞ்சை, வேப்பேரி முதலிய சபைகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவருள், சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர் தம் பாடல்களில் கிருபையின் இலவசத்தை நெகிழ்ந்து பாடியவர்; ஆனால் சாதியை உடை, உணவு போன்ற உலகியல் வழக்கமாகவே கண்டு, மீட்போடு அதற்குத் தொடர்பில்லை எனக் கொண்டவர். இறைவன்முன் அனைவரும் ஒன்று, சமூகத்தில் அவரவர் வழக்கம் என்னும் இப்பிரிப்பு, கொள்கையை ஏற்றுக்கொண்டே அதன் விளைவைத் தவிர்க்கும் வழியாயிற்று.

மறுபுறத்தில், நெல்லை நாட்டுச் சபைகளில் திரளாகச் சேர்ந்த ஒடுக்கப்பட்டோர்க்கு இதே கொள்கை விடுதலைச் சொல்லாக ஒலித்தது. கோயில் நுழையத் தகுதியில்லை எனத் தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்டவர்களிடம், தகுதி கேட்கப்படவில்லை என்று கூறுவது தத்துவச் செய்தி மட்டுமன்று. தகுதியுடையோர்க்கு இக்கொள்கை தாழ்மையைக் கற்பிக்கிறது; தகுதி மறுக்கப்பட்டோர்க்கு அது மதிப்பைத் தருகிறது.

'விசுவாசம் மட்டும் போதுமெனில் ஒழுக்கம் எதற்கு' என்னும் வினாவும் தரங்கம்பாடியில் தொடக்கத்திலேயே எழுந்தது. சீகன்பால்குவின் வினாக்களுக்குத் தமிழர் எழுதிய விடைக் கடிதங்கள் ஆலே நகரில் செருமன் மொழியில் அச்சாயின. கிறித்தவர் எனப்பட்ட ஐரோப்பியரின் குடியும் ஒழுங்கீனமும் அக்கடிதங்களில் சுட்டப்படுகின்றன. செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபின் கருத்தைத் தமிழர் தாமாகவே எட்டியிருந்தனர். கனி மரத்தை நல்லதாக்குவதில்லை, நல்ல மரமே கனி தருகிறது என்பது லூத்தரன் மரபின் மறுமொழி. நற்செயல் மீட்புக்குக் காரணமாகாது; மீட்பின் விளைவாகத் தோன்றும். ஆனால் கனியே தோன்றாத இடத்தில் மரத்தை ஐயுறும் உரிமை கேட்போர்க்கு உண்டு என்பதை அக்கடிதங்கள் நினைவூட்டுகின்றன.

6. புள்ளிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டோர்

புலம்பெயர் சூழலில் இக்கொள்கை புதியதொரு தகுதி முறையைச் சந்திக்கிறது. நியூசிலாந்து 1986 ஆம் ஆண்டின் கொள்கை மீளாய்வுக்குப் பின் பிறந்த நாட்டை நோக்கும் குடியேற்ற முறையைக் கைவிட்டு, 1991 இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. கல்வி, பணியனுபவம், அகவை, மொழித்திறன் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடப்பட்டது. 2003 இல் திறன்சார் குடியேற்றப் பிரிவு உருவானது. 2023 அக்டோபரில் அது ஆறு புள்ளி முறையாகச் சுருக்கப்பட்டது. ஆக்லாந்தின் வடபகுதியில், மாசி பல்கலைக்கழக வளாகம் அமைந்த ஆல்பனி போன்ற புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இவ்வாறு எண்ணப்பட்டு வந்தவையே. இவ்விடத்தில் எண்ணப்படுதல் என்னும் சொல் முழுக்கக் கணக்கையே குறிக்கிறது.

தன் படிப்பாலும் உழைப்பாலும் நாட்டு வாயிலைக் கடந்த ஒருவர், ஞாயிறு வழிபாட்டில் தன் தகுதி எதற்கும் பயனில்லை எனக் கேட்கிறார். இருவகை மனநிலை இதனால் உண்டாகும். ஒன்று, பெற்றதனைத்தும் கிருபை என்று நன்றி கூறுதல். 'கிருபையால் நன்றாக இருக்கிறோம்' என்னும் நெல்லைக் கிறித்தவப் பேச்சு வழக்கு கடல் கடந்தும் இதனாலேயே நிலைக்கிறது. மற்றொன்று, வளமான வாழ்வையே விசுவாசத்தின் பரிசாகக் காணுதல். வீடும் பணியும் கிடைத்தவர் விசுவாசத்தில் வென்றவர், வேலை இழந்தவரும் நோயுற்றவரும் விசுவாசத்தில் குறைந்தவர் என்னும் எண்ணம் தோன்றும்போது, குடியேற்றத் துறையின் புள்ளிக் கணக்கு திருச்சபைக்குள்ளும் வந்துவிடுகிறது. தேர்வு மதிப்பெண்ணால் பிள்ளைகளை அளக்கும் குடும்பச் சூழலில் வளரும் இரண்டாம் தலைமுறைக்கு இது மேலும் ஒரு சுமையாகலாம். தகுதி கேட்காமல் ஏற்கப்படுதல் என்பது அவர்களுக்கு இறையியலில் மட்டுமன்றி, இல்லத்திலும் தேவைப்படும் செய்தி.

மற்றொரு வாயில் வழியாக வந்தோரும் உளர். 1983 க்குப் பின் ஈழத்திலிருந்து சிதறிய தமிழருள் பலர் பல நாடுகளில் தஞ்சம் கோரினர். தஞ்சம் கோருபவர் தம் திறனைக் காட்டுவதில்லை. வேறு புகலின்மையையே காட்டுகிறார். அநந்யகதித்துவம் என்னும் வைணவச் சொல்லை நூலில் படியாமலே வாழ்வில் அறிந்தவர் அவர். அடைக்கலம் என்னும் தமிழ்ச்சொல் அரசின் ஆவணத்திலும் வழிபாட்டுப் பாடலிலும் ஒன்றாக நிற்பது அவருக்குத் தற்செயலாகத் தோன்றாது.

நியூசிலாந்தின் மண்ணின் மொழியிலும் இக்கருத்துக்கு ஓர் அழகிய பெயர் உண்டு. மாவோரி புதிய ஏற்பாடு 1837 இல் பைகியாவில் வில்லியம் கொலன்சோவின் அச்சகத்தில் முழுமையாக அச்சானது. மாவோரி விவிலியம் அருளை 'அரோஹா நோஆ' என்று வழங்குகிறது. அரோஹா என்பது அன்பு. நோஆ என்பது விலையும் கட்டும் இன்றி என்னும் பொருள் தருவது. இலவச அன்பு என்று தமிழில் கூறலாம். பிரியதத்தம் என்று பழைய தமிழ்க் கத்தோலிக்கர் கூறியதும் ஏறத்தாழ இதுவே. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் தத்தம் அன்புச் சொல்லை எடுத்து, கைம்மாறு என்னும் எண்ணத்தை அதிலிருந்து நீக்கி, ஒரே பொருளை அடைந்துள்ளன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தன்புண்ணியத்தை நம்பாமை என்னும் கொள்கை தமிழுக்கு முற்றிலும் அயலானதன்று. மகாவிசுவாசம், கார்ப்பண்யம், ஆகிஞ்சன்யம் ஆகிய கருத்துகள் அதற்கு நிலம் பண்படுத்தி வைத்திருந்தன. கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் அந்நிலத்தில் விளைந்தது. இரண்டாவது, மொழிபெயர்ப்புச் சொற்கள் கொள்கையைச் சுமந்ததோடு நில்லாமல் அதைத் திருப்பவும் செய்தன. கிரியை என்னும் சொல் கொள்கையைக் கோயில் எதிர்ப்பாகவும், விசுவாசம் என்னும் சொல் அதை ஒரு நற்பண்பாகவும் கேட்கச் செய்தது. ஏகாரத்தின் பொருளை அவரவர் மரபு முடிவு செய்தது. மூன்றாவது, தகுதி என்பது ஒழிக்கப்பட்ட இடத்திலேயே மீண்டும் முளைக்கும் இயல்புடையது. நற்செயலை விலக்கிய சபை பிறப்பை அனுமதித்தது; பிறப்பை விலக்கிய சபை வளத்தையும் விசுவாசத்தின் அளவையும் அனுமதிக்கக்கூடும்.

ஆகவே இக்கொள்கையைத் தமிழில் எடுத்துரைப்போர், எதைக் கொண்டு மீட்பில்லை என்று கூறுவதோடு, தம் சபையில் இன்று எது தகுதியாக எண்ணப்படுகிறது என்பதையும் ஆராய வேண்டும். நற்கருணைப் பந்தியில் யார் முன்னே, யார் பின்னே என்பதும், நோயுற்றவரிடம் அவர் விசுவாசத்தைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்பதும் அவ்வாராய்ச்சிக்குப் போதிய சான்றுகளாகும்.